தரைக்காரர்

மதில் சுவரில் விரல் முட்டியால் ஓரிடத்தில் தட்டுகிறார். காதைச் சாய்த்துக் கேட்கிறார். கொஞ்சம் நகர்ந்து இன்னோர் இடத்தில் தட்டுகிறார். பிறகு குனிந்து, அடியில் பாசி படிந்த பக்கத்தில் ஒரு தட்டு. பின்னாலேயே வந்த வீட்டுக்கார அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"வந்ததுலேர்ந்து தட்டிட்டே இருக்கீங்களே, உள்ள யாராவது இருக்காங்களா?"

இவர் சிரிப்பதில்லை. "இருந்தா நல்லதும்மா. காலியா இருந்தாத்தான் கஷ்டம்" என்கிறார். சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடுகிறார்.

இந்தத் தொழிலில் இருக்கிற எவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்ப்பார்கள். சோலார் பேனல் என்றால் கூரை, கூரை என்றால் ஏணி, அவர்களுக்கு வேறு யோசனையே வராது. இவர் வந்ததும் குனிந்து தரையைப் பார்ப்பார். மதிலைப் பார்ப்பார், வேலியைப் பார்ப்பார், கார் நிற்கிற கொட்டகையைப் பார்ப்பார், துணி காயப் போடுகிற இடத்தைப் பார்ப்பார். கூரைக்கு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கடைத்தெருவில் எல்லோருக்கும் இவர் 'தரைக்காரர்'. முதலில் கேலியாக வைத்த பெயர்தான். இப்போது இவருடைய வண்டிப் பின்பக்கத்தில் இவரே எழுதி வைத்திருக்கிறார்.

கூரைக்காரர்கள் கைவிட்ட வீடுகள்தாம் இவருக்கு வருகின்றன. கூரை பழசு, பாரம் தாங்காது. மரத்தின் நிழல் விழுகிறது, மரத்தை வெட்ட மனசு வரவில்லை. மேல்மாடி வேறொருவருக்குச் சொந்தம். இப்படி உதடு பிதுக்கி அனுப்பப்பட்டவர்கள் இவரிடம் வந்தால், "கூரை போனாப் போவுது, வெயில் எங்கங்க போயிடும்?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். தோட்டத்தில் இரும்புக் கால் நட்டுச் சாய்த்து வைப்பார். வேலிக்குத் தகடு போடுவதற்குப் பதில் பேனலையே வேலியாக நிறுத்துவார். பால்கனிக் கம்பியில் கட்டுவார். கார் கொட்டகைக்குக் கூரை வேண்டும் என்றால் பேனலே கூரை. அது இவரே புதிதாகக் கட்டி, கீழிருந்தே பூட்டுவது. அந்த ஒரு கூரையைத்தான் இவர் நம்புவார்.

ஆனால் இதையெல்லாம் உடனே விற்றுவிட மாட்டார். அதுதான் இவரிடம் உள்ள பெரிய தொல்லை. வாடிக்கையாளர் ஆசையாகக் காத்துக்கொண்டிருக்க, இவர் மேற்கு ஜன்னல் பக்கம் நின்று கையை நீட்டிச் சூடு பார்ப்பார். "மொதல்ல வெயில உள்ள வராம பாருங்க. அப்புறம் வெயிலப் புடிக்கிறதப் பத்திப் பேசுவோம்" என்பார். வெளியே ஒரு தட்டி, ஓட்டுக்குக் கீழே ஒரு பொய்க்கூரை, குளியலறைக்கு வெயிலில் தண்ணீர் காய்கிற தொட்டி. இவ்வளவு செய்தாலே பாதி மின்சாரம் மிச்சம் என்று சொல்லி, தன் வியாபாரத்தில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வார். அடுக்குமாடியில் வெயிலே வராத வீட்டுக்காரர் ஒருவரிடம், ஊருக்கு வெளியே பலர் சேர்ந்து பொது நிலத்தில் பேனல் வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று வழி சொல்லி அனுப்பிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மின்சாரத்துக்குக் காற்றாடி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரே பதில்: "வைக்கலாம். அது போடுற சத்தத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஒங்களுக்கு ஆகாதவரா இருந்தா தாராளமா வைக்கலாம்."

ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்கட்டி, நிழலின் ஓரத்தைத் தரையில் கோடு போட. வண்டியில் மண்வெட்டி உண்டு, கடப்பாரை உண்டு, சிமெண்டு மூட்டை உண்டு. ஏணி கிடையாது. ஏணி கேட்டு வருபவர்களுக்கு எதிர்க்கடையைக் கைகாட்டிவிடுவார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 'தாங்கும்' என்ற சொல் இவர் வாயிலிருந்து வராது. வேலை முடிந்ததும், காற்றடித்தால் நிற்குமா, தாங்குமா என்று யாரும் கேட்கத்தானே செய்வார்கள்? இவர் இரும்புக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டுவார். அதில் ஏறி நின்றும் காட்டுவார். "பாத்தீங்கல்ல?" என்பார். "தாங்கும்னு வாயத் தொறந்து சொல்லுங்களேன், ஒரு தைரியத்துக்கு" என்று ஒரு பெரியவர் கெஞ்சியே பார்த்தார். இவர் மறுபடி போய் ஆட்டிக் காட்டிவிட்டு வந்தார்.

போகிற வீட்டிலெல்லாம் தாராளமாக உட்காருவார். நாற்காலி இல்லையென்றால் சிமெண்டு மூட்டை மேலேயே சாய்ந்துகொள்வார். ஒரு வீட்டில் மட்டும் உட்கார மாட்டார். அது தங்கை வீடு. வாரத்துக்கு இரண்டு முறையாவது போவார். தங்கை நாற்காலியை இழுத்துப் போடுவாள். இவர் சுவிட்சைப் பார்ப்பார், ஒயரைப் பார்ப்பார், குழாயடியைப் பார்ப்பார். நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு, "வேலை கெடக்கு" என்று கிளம்பிவிடுவார். தங்கையும் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிடுவாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் நடக்கிற காரியம் இது.

ஆறு வருஷத்துக்கு முன்பு இவரும் கூரைக்காரர்தான். தங்கை புருஷனும் இவரும் கூட்டாளிகள். இவர் அவரை 'மாப்ள' என்பார், அவர் இவரை 'மச்சான்' என்பார். தெருவில் இரண்டு பேரும் சேர்ந்து போனால் பேச்சும் சிரிப்புமாக ஒரு ஊர்வலமே போகிற மாதிரி இருக்கும். ஒருநாள் ஒரு பழைய வீடு, சிமெண்டு அட்டைக் கூரை. அட்டை மேல் கால் வைக்கும் முன் தட்டிப் பார்க்க வேண்டும். அடியில் இரும்புக் குழாய் ஓடுகிற வரிசையில் தட்டினால் எந்த அட்டையும் திடமாகத்தான் கேட்கும். இரண்டு குழாய்களுக்கு நடுவிலும் தட்ட வேண்டும், உளுத்த அட்டை அங்கேதான் குரலை மாற்றும். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். அன்றைக்கு உச்சி வெயில். இவர் முன்னால் ஏறி, ஆணி அடித்த வரிசையில், குழாய்க்கு நேர் மேலே ஒரே ஒரு தட்டுத் தட்டி, "தாங்கும், வா மாப்ள" என்றார்.

மாப்பிள்ளை ஓர் எட்டுத் தள்ளிக் கால் வைத்தார்.

உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை, "நான்தான் பாக்காம கால வெச்சுட்டேன்" என்றே சொன்னார். தங்கையிடமும் அதையே சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இவருக்குத் தாங்கியிருக்கும். அந்தப் பொய்தான் இவரை அந்த வீட்டில் உட்காரவிடாமல் அடித்தது.

மாப்பிள்ளை படுப்பது காற்று மெத்தையில். கட்டிலுக்குக் கீழே சின்ன மோட்டார் ஒன்று ஓயாமல் முனகிக்கொண்டு, மெத்தையின் அறைகளில் காற்றை மாற்றி மாற்றி நிரப்பும். உடம்பின் ஒரே இடம் அழுந்தாமல் அது பார்த்துக்கொள்ளும். மின்சாரம் போனால் முனகல் நிற்கும், மெத்தை மெல்ல அமுங்கும். உணர்ச்சி இல்லாத உடம்புக்கு அழுந்துவது தெரியாது. தோல் சிவக்கும், பிறகு உடையும். அந்தப் புண் ஆறுவதற்குள் குடும்பமே பாதி உயிராகிவிடும். ஒருமுறை அப்படி ஆகித்தான் மாப்பிள்ளை மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கோடை வந்துவிட்டால் அந்தப் பகுதியில் மின்சாரம் விருந்தாளி மாதிரி, வந்ததும் கிளம்பிவிடும். அது வந்து போகிற நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பாதிகூட நிறையாது. அதனால்தான் தரைக்காரர் தங்கை வீட்டு வேலியிலேயே பேனல்களை நிறுத்தி, மெத்தை மோட்டாருக்கென்று தனி இணைப்புக் கொடுத்திருந்தார். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் பக்கத்து மனைக்காரர் தன் வீட்டுக்கு மேல் இரண்டு தளம் எழுப்பினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அவர் இடம், அவர் வீடு. ஆனால் அவர் வீட்டு நிழல் வந்து இந்த வேலி முழுவதும் படுத்துக்கொண்டது.

அன்றைக்கு இவர் போனபோது தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். டீயும் இல்லை, நாற்காலியும் இல்லை.

"நேத்து காலைல போன கரண்டு சாயங்காலம்தான் வந்துச்சு. பேட்டரி பாதியிலயே உக்காந்துடுச்சு. நானும் புரட்டிப் புரட்டிப் படுக்க வெச்சேன். இருந்தும் இடுப்புல செவந்துபோச்சுண்ணே, எலுமிச்சம்பழ அளவுக்கு."

இவர் வேலியில் படுத்திருந்த நிழலைப் பார்த்தார்.

"கூரைல மட்டுந்தான் இப்ப வெயில் விழுது. ஒரு கம்பெனிக்காரங்க வந்து பாத்தாங்க. ஒரே நாள்ல ஏத்திடறோம்னு சொல்றாங்க."

தங்கை வீட்டுக் கூரையும் சிமெண்டு அட்டைதான். அதுவும் பழைய அட்டை. இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

"கூரை வேணாம்."

"நீ ஏற வேணாம்ணே. ஏறுறதுக்கு அவங்க ஆளு வருவான்."

"அந்த ஆளுக்கும் ஒரு தங்கச்சியோ பொண்டாட்டியோ இருக்கும்ல?"

"அப்ப எங்கதான் வைப்ப?" தங்கையின் குரல் உடைந்தது. "ஒன் பயத்துக்கு அவரு முதுகு அழுகணுமா?"

உள்ளே மோட்டார் முனகுவது இருவருக்கும் கேட்டது. மாப்பிள்ளைக்கும் இவர்கள் பேசியது கேட்டிருக்கும். தரைக்காரர் "நாளைக்கு ஒருநாள் டயம் குடு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் சாக்கட்டியோடு வந்துவிட்டார். வெயில் முதலில் வாசல் கேட்டருகே ஒரு பாய் அகலத்துக்கு விழுந்தது. கோடு போட்டார். நேரம் ஏற ஏற அது சுருங்கி மறைந்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று விழுந்தது. அதற்கும் கோடு. பிற்பகலில் பக்கத்து வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் இருந்த சந்து வழியாகப் பின்பக்கத்தில் ஒரு பட்டை. எங்கேயும் வெயில் தங்கி நிற்கவில்லை. வீட்டைச் சுற்றித் தரை முழுவதும் சாக்கட்டிக் கோடுகள், குழந்தைகள் பாண்டி ஆடிவிட்டுப் போன இடம் மாதிரி. கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் முதல்முறையாகத் தரை இவரைக் கைவிட்டிருந்தது. கம்பெனிக்காரர்களை வரச் சொல்லிவிடலாம் என்று தங்கையிடம் சொல்ல வாயெடுத்தார்.

சக்கர நாற்காலி கிறீச்சிட்டது. காலையிலிருந்து மாப்பிள்ளையும் முற்றத்தில்தான் இருந்தார், மதியம் படுத்துக்கொண்ட நேரம் தவிர. குளிருக்கோ கதகதப்புக்கோ இல்லை, வெறுமனே அறைக்குள் கிடப்பது பிடிக்காமல் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உருண்டுகொண்டே இருப்பது அவர் வழக்கம்.

"கோலம் முடிஞ்சுதா மச்சான்?"

"எங்கயும் நிக்க மாட்டேங்குது மாப்ள."

"அது எப்ப நின்னுச்சு? நான்தான் தினமும் அது பின்னாலயே சுத்திட்டு இருக்கேனே. மொதல்ல கேட்டு, அப்புறம் கல்லு, அப்புறம் இந்தச் சந்து." மாப்பிள்ளை தன் சக்கரத்தைத் தட்டினார். "அது நகருது. நானும் நகருறேன். ஒன் பேனல மட்டும் ஏன் ஆணியடிச்சு வெச்சிருக்க?"

இவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவருடைய சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கோடுகளை.

பேனலுக்கென்று ஒரு தள்ளுவண்டி தயாராக ஒரு வாரம் பிடித்தது. அதுவரை மெத்தைக்கு வாடகைப் பேட்டரி இரண்டைக் கொண்டுவந்து, தினமும் ஒன்றைக் கடையில் சார்ஜ் ஏற்றி மாற்றிக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டம், நான்கு சக்கரம், மேலே சாய்வாக இரண்டு பேனல். அடியில் பேட்டரி, அதன் எடையே காற்றில் வண்டி கவிழாமல் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் வழியாக மோட்டாருக்கு நீளமான ஒயர். முன்னால் வளைந்த கைப்பிடி, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மார்பு உயரத்தில் பிடித்துத் தள்ளுவதற்கு. மாப்பிள்ளைக்குக் கால்கள்தாம் போயினவே தவிர, கைகள் இன்னும் பழைய கூரைக்காரனின் கைகள்தாம்.

சக்கரம் மண்ணில் புதையாமல் இருக்க, கேட்டிலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து சந்துக்கும் சிமெண்டுப் பாதை போட்டார். அந்த வேலையின்போதுதான், முட்டி போட்டுக் கரணையால் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம், மாப்பிள்ளை திடீரென்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நீ கொழாய் மேல தட்டுன."

கரணை நின்றது.

"நான் பாத்தேன் மச்சான். கொழாய் மேல தட்டுறான், நடுவுல தட்டலன்னு பாத்துட்டுத்தான் கால வெச்சேன். எனக்கும்தான் தொழில் தெரியும். வெயிலு மண்டையப் பொளந்துச்சு, சீக்கிரம் முடிச்சுட்டு எறங்கிடலாம்னு ரெண்டு பேருக்கும் அவசரம். நீ ஒருத்தனாத் தூக்கிட்டுத் திரியற, எனக்குப் பங்கே குடுக்காம."

தரைக்காரர் நிமிரவில்லை. ஈரச் சிமெண்டில் ஒரு சொட்டு விழுந்து குழிந்தது. அதைத் தேய்த்துச் சமன் செய்தார். இன்னொன்று விழுந்தது. இவர் அழுதார், சத்தம் போட்டே அழுதார். தங்கை துவைத்த துணியைக் கையில் பிடித்தபடி கல்லருகே அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வருஷமாகக் கேட்டு வந்த கதையில் அவளுக்குச் சொல்லாத பாதியை அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். கோபம் வந்திருக்கும், வராமல் இருக்குமா? கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அண்ணன் பக்கத்தில் டக்கென்று வைத்தாள். "மூஞ்சியக் கழுவு. சிமெண்டு காஞ்சிடப் போவுது" என்றாள்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் நாள் மின்சாரம் வழக்கத்துக்கு முன்பே போய்விட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வண்டியைக் கேட்டிலிருந்து கல்லுக்குத் தள்ளினார். உச்சி வெயிலில் படுக்கப் போனபோது கல்லருகே விட்டுப் போனார், எழுந்து வந்து சந்துக்குத் தள்ளினார். ஒவ்வொரு முறையும் வெயிலுக்கு நேராக நிறுத்தி, ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்து, இன்னும் இரண்டு விரல் நகர்த்தினார். முகத்தில் வேலைக்காரனின் கடுகடுப்பு. தங்கை குறுக்கே போனபோது, "நெழல் விழுது, தள்ளிப் போ" என்று அதட்டினார். அவளும் பதிலுக்கு ஒன்று சொன்னாள். ஆனால் தள்ளித்தான் போனாள்.

சாயங்காலம் வெயில் அந்தச் சந்திலிருந்து ஏறி மறைந்தபோதும் மின்சாரம் வரவில்லை. தங்கை உள்ளே போய் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள். "கல்லு மாதிரி நிக்குது" என்றாள். மாப்பிள்ளையின் இடுப்புச் சிவப்பு நாலு நாளாகவே மங்கிக்கொண்டிருந்தது.

தரைக்காரர் பேனல் சட்டத்தை மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தார். ஒயரைச் சுருட்டி வைத்தார். சுருட்டிய ஒயரை மறுபடி சுருட்டினார். "சரி, வேலை கெடக்கு" என்று சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது, தங்கை எப்போதும் இழுத்துப் போட்டு எப்போதும் நகர்த்தி வைக்கிற அதே நாற்காலி. மாப்பிள்ளை ஒரு கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய், மறு கையால் அதை முற்றத்தின் நடுவுக்கு இழுத்து வந்தார். விரல் முட்டியால் முதுகில் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டார். இருக்கையில் ஒரு தட்டு. குனிய முடிந்த மட்டும் குனிந்து காலில் ஒரு தட்டு.

"தாங்கும்" என்றார். "உக்காரு மச்சான்."

தரைக்காரர் நாற்காலியின் விளிம்பில் பாதி உடம்பை மட்டும் வைத்தார். பிறகு இரண்டு கால்களையும் நீட்டி, முழுப் பாரத்தையும் இறக்கி உட்கார்ந்தார்.